பெட்ரோல் மாறிவிட்டது, ஜெட் மாறவில்லை

கடலூர் சாலையில் முள்ளோடை, திண்டிவனம் சாலையில் கோரிமேடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கனகசெட்டிக்குளம். புதுச்சேரியைவிட்டுப் போகிற வண்டிகள் எல்லை தாண்டுமுன் டேங்கை நிரப்பிக்கொள்ளும் இடங்கள் இவை. வாட் வரி குறைவு என்பதால் தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் மலிவு. லிட்டர் என்ன விலை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு லிட்டரில் பெட்ரோல் எவ்வளவு, எத்தனால் எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைவு.

புதிய வண்டிக்காரருக்கு அந்தக் கேள்வி அவ்வளவு அவசரமில்லை. 2020 ஏப்ரல் 1-இல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு விற்ற மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் எரிபொருளை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர் இருக்கிறது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்துச் சொல்லும் சென்சார் இருக்கிறது. கலவை சற்று மாறினால் வண்டியே தன்னைச் சரிசெய்துகொள்ளும். முத்தியால்பேட்டையிலும் நெல்லித்தோப்பிலும் இன்றும் ஓடுகிற யமஹா ஆர்எக்ஸ்100-க்கு அந்த மூளை கிடையாது. பாகூர் பக்கத்திலிருந்து கீரைக்கட்டும் பால் கேனும் சுமந்து விடியற்காலையில் ஊருக்குள் வரும் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பருக்கும் கிடையாது. எஸ்டி, பழைய பஜாஜ் சேத்தக், எல்எம்எல் வெஸ்பா எல்லாம் இதே கதைதான். இந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்வது கார்புரேட்டருக்குள் இருக்கும் பித்தளை ஜெட்டின் துளை. அந்தத் துளை பழைய பெட்ரோலுக்காக அளந்து போட்டது. பெட்ரோல் மாறிவிட்டது. துளை அப்படியே இருக்கிறது.

ஆனால் கார்புரேட்டர் பற்றி இளைஞர்களிடம் பேச்செடுத்தால் அது வேறு பக்கம் போகும். ஆர்எக்ஸ்100-இல் கம்பெனி வைத்தது மிகுனி விஎம்20. அந்த 20 என்பது காற்றுவழியின் விட்டம், மில்லிமீட்டரில். அதைக் கழற்றிவிட்டு 24, 26, 28 மில்லிமீட்டர் கார்புரேட்டர் மாட்டுவதைத்தான் ‘அப்கிரேட்’ என்கிறார்கள். பெரிய வாய், நிறையக் காற்று, நிறைய வேகம் என்பது அவர்கள் கணக்கு. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். 20-லிருந்து 28-க்குப் போனால் வாய் ஒன்றரை மடங்குகூட இல்லாதது போலத் தோன்றும். பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. என்ஜின் அதே 98 சிசி. அது ஒரு சுற்றில் இழுக்கும் காற்றும் அதே அளவு. அகன்ற வழியில் அதே காற்று போனால் அதன் ஓட்டம் தளரும். ஜெட்டிலிருந்து பெட்ரோலை மேலே உறிஞ்சுவது அந்தக் காற்றோட்டத்தின் வேகம்தான். வேகம் தளர்ந்தால் உறிஞ்சலும் தளரும். நேரு வீதி நெரிசலிலும் இந்திரா காந்தி சிலை சிக்னலிலும் முதல் கியர், இரண்டாம் கியர் என்று ஊர்கிற வண்டி அங்கேயே திக்கித் திணறி நிற்கும்.

ஆர்எக்ஸ்100-க்குச் செய்யும் இந்த மாற்றத்தால் எந்தப் பயனும் கிடையாது என்று சொல்ல முடியாது. சிலிண்டரின் போர்ட்களைத் திருத்தி, அதற்கேற்ற எக்ஸ்பான்ஷன் சேம்பர் போட்டு, ஷோலவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத்துக்கு இறக்கிய வண்டிகளில் பெரிய கார்புரேட்டருக்கு வேலை இருந்தது. அவை எந்நேரமும் உயர்ந்த சுற்றில் ஓடுபவை. அந்த மெக்கானிக்குகள் ஒரு டப்பா நிறைய ஜெட் வைத்துக்கொண்டு, காலையில் ஒன்று, வெயில் ஏறிய பிறகு ஒன்று என்று மாற்றியவர்கள். கார்புரேட்டரை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டு, அதோடு வந்த ஜெட்டிலேயே ஓட்டுவது அந்தக் கலையின் பாதிகூட ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதத்தையும் ஆசைப்படுகிறவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த ஆர்வம் நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. யமஹா 1987-இல் அமெரிக்காவில் பான்ஷீ என்ற நான்கு சக்கர மணல் வண்டியை இறக்கியது: 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். நம்மூர்க்காரர்கள் ராஜ்தூத் 350 என்று 1983 முதல் ஓட்டிய ஆர்டி350-இன் குடும்பத்தில், தண்ணீரால் குளிரும் பிந்தைய என்ஜினிலிருந்து பிறந்தது அது. மணல்மேட்டில் ஏறும் வண்டி முழு த்ராட்டிலில் நெடுநேரம் உழைக்கும். வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே ஏர் ஃபில்டரையோ சைலன்சரையோ மாற்றிவிட்டு மெயின் ஜெட்டை மாற்றாமல் விட்டவர்கள் பிஸ்டனை இழந்தார்கள். அதனால் அந்த வண்டிக்காரர்களிடையே ‘எந்த சைலன்சர்’ என்பதைவிட ‘எந்த ஜெட்’ என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. நம்மூரில் அந்த இரண்டாவது கேள்வி இன்னும் போதிய அளவு வரவில்லை.

ஜெட்டிங் என்றால் என்ன? பட்டறையில் நின்று பார்த்தால் புரிந்துகொள்ளக் கடினமான வித்தையில்லை. த்ராட்டிலைத் தொடாதபோதும் சற்றே திறக்கும்போதும் எரிபொருளைக் கொடுப்பது ஸ்லோ ஜெட்; பக்கத்தில் இருக்கும் ஏர் ஸ்க்ரூ அதன் காற்றைக் கூட்டும், குறைக்கும். கால் த்ராட்டில் முதல் முக்கால் த்ராட்டில் வரை ஊசி பேசும். அதன் தலைப்பக்கத்தில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறி எரிபொருள் கூடும். முக்காலுக்கு மேல், கை முழுக்க முறுக்கியபோது, பொறுப்பு முழுவதும் மெயின் ஜெட்டுடையது. அதன்மேல் ஓர் எண் பொறித்திருக்கும். ஒரு கம்பெனி துளையின் விட்டத்தை எண்ணாகப் போடும், இன்னொன்று அதன் வழியே ஓடும் எரிபொருளின் அளவைப் போடும். ஆகவே ஒன்றின் 100-உம் மற்றொன்றின் 100-உம் ஒன்றல்ல. மார்க்கெட்டில் பொட்டலம் போட்டு விற்கும் மலிவு ஜெட்களில் எண்ணும் துளையும் பொருந்துவதற்கு உத்தரவாதம் இல்லை.

எரிபொருள் கூடிப்போனால் மெக்கானிக் ‘ரிச்’ என்பார்: ப்ளக் கறுப்பாகும், புகை கக்கும், மைலேஜ் விழும். குறைந்துபோனால் ‘லீன்’. லீனான வண்டி முதலில் நன்றாக ஓடுவது போலத் தோன்றும். மைலேஜும் கூடியது போல இருக்கும். அங்கேதான் ஆபத்து. காற்று மிகுந்த கலவையில் வெப்பம் ஏறுகிறது. அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்பு ஸ்லீவைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். ஆர்எக்ஸ்100-இன் 50 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளி. அது மறைந்தால் பிஸ்டன் கவ்விக்கொள்ளும், ‘சீஸ்’ ஆகிவிடும். காலாப்பட்டு தாண்டி நேர்சாலையில் முழு வேகத்தில் போகும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுகிறவருக்கு யோசிக்க நேரமிருக்காது. பழைய டூ-ஸ்ட்ரோக் ஓட்டிகள் இரண்டு விரலை எப்போதும் கிளட்ச் லிவரின்மேல் வைத்திருப்பது வெறும் பழக்கமல்ல. அது உயிர்காக்கப் பழகியது.

இனி எத்தனாலுக்கு வரலாம். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குக் கணக்கு 13.5 அளவில் வந்து நிற்கும். அதாவது அதே காற்றுக்கு ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. பழைய ஜெட் பழைய அளவைத்தான் விடும். கம்பெனி முழு த்ராட்டிலில் சற்று ரிச்சாகத்தான் வைத்திருக்கும். அந்தப் பாதுகாப்பு இருப்பதால் இ20 போட்ட மறுநாளே எல்லா வண்டியும் சீஸ் ஆகிவிடாது. எத்தனால் ஆவியாகும்போது குளிர்ச்சியைத் தருகிறது, நாக்கிங்கையும் தடுக்கிறது. அந்த நன்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் கம்பெனி விட்டுவைத்த இடம் சுருங்கிவிட்டது. ஃபில்டரைக் கழற்றியிருந்தால், சைலன்சரை மாற்றியிருந்தால், இன்டேக் ரப்பரில் விரிசல் விழுந்து திருட்டுக் காற்று நுழைந்தால், மிச்சமிருந்த இடமும் போய்விடும்.

தேவையான திருத்தம் எவ்வளவு சிறியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். துளையின் பரப்பு 8 சதவீதம் கூட, விட்டம் 4 சதவீதம் கூடினால் போதும். 1 மில்லிமீட்டர் துளை 1.04 மில்லிமீட்டர் ஆக வேண்டும். ஒன்றிரண்டு அளவு பெரிய மெயின் ஜெட், ஊசியில் ஒரு பள்ளம், ஏர் ஸ்க்ரூவில் ஒரு கால் திருப்பு. ஒரு ரீபோருக்கும் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. 1996-இல் தயாரிப்பு நின்றுபோன ஆர்எக்ஸ்100-க்கு நல்ல உதிரிபாகம் தேடி அலைந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

எக்ஸ்எல் சூப்பர் வைத்திருப்பவரின் நிலைமை இன்னும் இக்கட்டானது. ஆர்எக்ஸ்100-இல் ஆயிலுக்குத் தனி பம்ப் உண்டு. மொபெட்டில் டூ-டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். எரிபொருளோடு போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கு மசகு. எரிபொருள் குறைந்தால் மசகும் குறையும். பயந்துபோய் ஆயிலை அள்ளி ஊற்றுகிறவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். ஜெட் வழியே போகும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது, கலவை மேலும் லீனாகிறது. கூடவே ஈரப்பதம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். வங்கக் கடலோரத்து மழைக்காலத்தில், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் பாதி நிரம்பிய டேங்குக்குள் போதிய தண்ணீர் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். அந்த அடி அடுக்கில் ஆயில் சேராது. டேங்கின் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். ஆயில் இல்லாத அந்தத் திரவம் என்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போவதும், டேங்கில் படிந்த பழைய பிசின் கரைந்து வந்து ஜெட்டை அடைப்பதும் இதோடு சேர்ந்தவை.

புதுச்சேரி இதில் புதிதாக மாட்டிக்கொண்ட ஊரும் அல்ல. 2003-இல் 5 சதவீத எத்தனால் கலப்பை 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் தொடங்கியபோது அந்த நான்கில் ஒன்று பாண்டிச்சேரி. 2022 ஜூனில் நாடு 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் இ20 அறிமுகமானது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கு முன்னே இழுக்கப்பட்டு 2025-இல் எட்டப்பட்டது. கரும்பு விவசாயிக்கு வருமானம், கச்சா எண்ணெய் இறக்குமதியில் மிச்சம் என்று அரசு சொல்லும் காரணங்கள் நியாயமானவை. மறுப்பதற்கில்லை. ஆனால் 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட வழித்திட்டமே, பழைய இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று கணித்தது. பழைய வண்டிகளைக் காக்க இ10 பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்றது. அந்த இரண்டாவது வாக்கியம் பங்க் வரை வந்து சேரவில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கும் வழிவிட வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்று பார்க்கலாம். அமெரிக்காவில் 15 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு அனுமதி தந்தபோது, 2001 மாடலுக்கும் அதற்குப் பிந்தைய கார்களுக்கும் மட்டும் என்று வரையறுத்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் படகுக்கும் பான்ஷீ போன்ற நான்கு சக்கர மணல் வண்டிக்கும் கூடாது என்று பம்பிலேயே ஆரஞ்சு நிற எச்சரிக்கை ஒட்டச் சொன்னார்கள். பிரிட்டன் 2021 செப்டம்பரில் இ10-க்கு மாறியபோது பழைய வண்டிகளுக்காக இ5-ஐ விட்டுவைத்தது. பிரான்சில் 2018 அக்டோபர் முதல் பெட்ரோல் குழாயின் கைப்பிடியிலேயே வட்டத்துக்குள் இ5, இ10 என்று எழுதியிருக்கும். வண்டியின் டேங்க் மூடியருகிலும் அதே வட்டம். புதுச்சேரிக்காரர்களின் உறவினர் எத்தனையோ பேர் பாரீசிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் பெட்ரோல் போடுகிறார்கள். கார்புரேட்டர் செய்வதில் உலகப் புகழ் பெற்ற சோலெக்ஸ் பாரீசில் பிறந்த கம்பெனி. ஆர்எக்ஸ்100-க்குக் கார்புரேட்டர் தந்த ஜப்பானின் மிகுனி, கார் கார்புரேட்டர்களை அந்த சோலெக்ஸின் உரிமம் பெற்றுத்தான் செய்தது. சென்னைக்கு அருகே மறைமலைநகரில் யூகால் நிறுவனம் அந்த மிகுனியின் தொழில்நுட்பத்தில் கார்புரேட்டர் செய்தது. இவ்வளவு நெருக்கமான சங்கிலியில் வந்த ஊருக்கு, குழாய்மேல் ஓர் எண் எழுதுவது பெரிய காரியமாக இருக்கக் கூடாது.

டூ-ஸ்ட்ரோக்கை ஒழிக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இந்த என்ஜினில் புதிய கலவையின் ஒரு பகுதி எரியாமலேயே எக்சாஸ்ட் வழியே வெளியேறும். அதோடு எரிந்த ஆயிலின் நீலப் புகை. நல்ல காற்றுக்காக இந்த வண்டிகள் படிப்படியாக விலகுவது தவிர்க்க முடியாதது. ஆனால் கீரை விற்கிறவரின் எக்ஸ்எல் நாளைக்கே மின்வண்டியாக மாறாது. ஓடுகிற வரைக்கும் அது குறைந்த புகையோடு, பாதியில் நிற்காமல் ஓட வேண்டும். அதற்கும் ஜெட்டிங்தான் வழி. தப்பான ஜெட் போட்ட வண்டி ஒன்று ஊரைப் புகைக்கும், இல்லாவிட்டால் தன்னையே எரித்துக்கொள்ளும்.

புகைப் பரிசோதனை மையம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது சரியல்ல. 2000 மார்ச்சுக்கு முந்தைய வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் அதற்குரிய வரம்புக்குள்ளும் இருந்தால் சான்றிதழ் கிடைத்துவிடும். ஐடிலில் வேலை செய்வது ஸ்லோ ஜெட். ஊசியும் மெயின் ஜெட்டும் அந்தச் சோதனையின் கண்ணில் படுவதே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிஸ்டனை உருக்கப்போகிற வண்டியும் அழகாகத் தேறிவிடும். சான்றிதழில் அச்சாகும் அந்த எண் பயனற்றது என்று பொருளல்ல. ஸ்லோ ஜெட்டையும் ஏர் ஸ்க்ரூவையும் சரிசெய்ய மெக்கானிக்குக்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. அதைப் பார்த்து ட்யூன் செய்யக் கற்றுக்கொடுப்பவர்தான் இல்லை.

புதுச்சேரி அரசும் எண்ணெய் நிறுவனங்களும் செய்யக்கூடியவை இங்கே தெளிவாக இருக்கின்றன. ஒவ்வொரு குழாயிலும் எத்தனால் சதவீதத்தைத் தமிழில், தூரத்திலிருந்து தெரியும் அளவில் எழுத வேண்டும். நகரத்தில் சில பங்க்குகளிலாவது நிதி ஆயோக் சொன்ன இ10-க்கு ஒரு குழாய் ஒதுக்க வேண்டும். எல்லையோர மாவட்டங்களும் பயன்பெறும். அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலோ லாஸ்பேட்டை மோதிலால் நேரு பாலிடெக்னிக்கிலோ பட்டறை மெக்கானிக்குகளுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தால் போதும். இவர்களில் பலர் பள்ளியைப் பாதியில் விட்டு, குருநாதரின் பக்கத்தில் நின்று தொழில் கற்றவர்கள். ப்ளக்கைப் பார்த்தே கலவையைச் சொல்லிவிடும் திறமை அவர்களிடம் ஏற்கெனவே உண்டு. இ20-இல் எந்த மாடலுக்கு எந்த ஜெட் எண் என்ற ஒரு பட்டியலை, சோதித்துப் பார்த்து அச்சிட்டுத் தர வேண்டியது நிறுவனங்களின் கடமை. அந்தச் சோதனையைப் பிஸ்டனைப் பணயம் வைத்து ஒவ்வொரு மெக்கானிக்கும் தானே செய்து பார்க்க நேர்வது அநியாயம்.

மலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். புதுச்சேரி ஜெட்டோடு மேலே போன வண்டி அங்கே ரிச்சாகித் திணறும். அங்கேயே ஒரு சின்ன ஜெட்டை மாட்டிக்கொண்டு மறதியாகக் கீழே இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி முறுக்கினால் லீன். பழைய ஜெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவது வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம் தொடரட்டும்.

குழாயில் எண் வரும்வரை பழைய வண்டிக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புது ப்ளக் ஒன்றை மாட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆள் நடமாட்டமில்லாத நேர்சாலையில் மூன்றாம் கியரில் சிறிது தூரம் முழு த்ராட்டில் கொடுத்து, கிளட்சைப் பிடித்த அதே நொடியில் இக்னிஷனை நிறுத்தி, ஓரம்கட்டி ப்ளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். பீங்கான் காபி நிறத்தில் இருந்தால் ஜெட் சரி. ஈரக் கறுப்பாக இருந்தால் ரிச். வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது போல இருந்தால், அங்கிருந்து வீட்டுக்கு அரை த்ராட்டிலில் மெதுவாகத் திரும்பி, மறுநாள் காலையில் முதல் வேலையாக மெயின் ஜெட்டை ஓர் அளவு ஏற்ற வேண்டும்.